தொட்டிலம்மன் திட்டில் எடுத்த மைப்படி

ஓய்வு பெற்றவனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஏதாவது காணாமல் போயிருக்க வேண்டும், அல்லது ஏதாவது புதிதாக வந்திருக்க வேண்டும். போன மாதம் என்னைக் கூப்பிட்டது புதிதாக வந்ததைக் காட்டுவதற்கு. கையடக்கமான ஒரு கருவி. கல்வெட்டின் முன்னால் பிடித்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால், கல்லில் இருக்கிற பள்ளம் மேடெல்லாம் அப்படியே கணினித் திரையில் வந்து நிற்கிறது. திருப்பிப் பார்க்கலாம், வெளிச்சத்தை மாற்றலாம், ஒரே ஒரு எழுத்தை மட்டும் பெரிதாக்கலாம். தண்ணீர் வேண்டாம், தாள் வேண்டாம், மை வேண்டாம். முக்கியமாக, சட்டையில் கறை ஆகாது.

"மைப்படிக்கு இனிமே வேலை இல்லாமப் போயிடும் போல இருக்குதே சார். உங்களுக்கு வருத்தமா இல்லியா?" என்று அங்கே இருந்த பொண்ணு ஒருத்தி கேட்டாள்.

"வருத்தமா? என் முழங்காலக் கேட்டுப் பாரும்மா. அது கைதட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, என் சர்வீஸிலேயே கஷ்டமான மைப்படி எது என்று கேட்டார்கள். சாரம் கட்டி ஏறிய கோபுரம், வௌவால் பறக்கிற குகை, இப்படி ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு கல், கிள்ளைக்குக் கிழக்கே ஒரு தீவில் இருந்தது என்றேன். கதையை ஆரம்பித்தேன். பாதியில் எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒட்டி, அதன்மேல் மை ஒற்றி எடுக்கும் படிக்குத்தான் மைப்படி என்று பெயர். கல்லில் வெட்டிய எழுத்து தாளில் வெள்ளையாகத் தெரியும், சுற்றிலும் கறுப்பாக இருக்கும். அதை எடுப்பதுதான் என் உத்தியோகம். படிப்பது என் உத்தியோகம் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் எடுத்தவனுக்குக் கொஞ்சம் படிக்கவும் வந்துவிடும்.

நான் கடலூர்ப் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். நான் படகில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பேன். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போன முதல் தடவை கரையைக் கண்ணால் பார்க்கிற தூரத்திலேயே திரும்ப வேண்டியதாகிவிட்டது. "இவன் கரையிலயே ஏதாச்சும் பாத்துப் பொழச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் திருப்பாதிரிப்புலியூரில் விடுதியில் தங்கிப் படித்தேன். அப்படித்தான் தொல்லியல் வேலைக்குத் தண்ணீர்க்குடம் தூக்கும் தினக்கூலியாகப் போய்ச் சேர்ந்து, பிறகு நிரந்தரமானேன்.

என்னைத் தயார் செய்தவர் கல்வெட்டாய்வாளர் ஞானசேகரன் சார். தஞ்சாவூர்க்காரர், ஏறக்குறைய என் வயதுதான், ஒல்லியான மனிதர். ஊருக்குள் போனதும் கல்லைத் தேடிப் போக மாட்டார். முதலில் டீக்கடை. யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்த ஆளுக்கும் எந்த ஆளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் கிளம்புவார். நான் அவசரப்பட்டால், "கல்லு எங்கயும் போயிடாது கோவிந்து, நீ வடையச் சாப்டு" என்பார். படிக்க முடியாத வரியைப் பார்த்து 'சிதைந்துள்ளது' என்று முதல் நாளே யாராவது எழுதிவிட்டால் அவருக்குப் பிடிக்காது. "கல்லு செதஞ்சிருக்குதா, உங்க கண்ணு செதஞ்சிருக்குதா?" என்று கேட்பார். கோபம் வந்தால் குரல் உயராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் மறுபடி கல்லிடம் போய் உட்கார்ந்துவிடுவோம்.

கிள்ளையிலிருந்து படகில் போய், சுரபுன்னைக் காட்டைத் தாண்டி, உப்பங்கழி கடலைத் தொடுகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாகச் சில திட்டுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஒல்லாந்துக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், பரங்கிப்பேட்டைப் பக்கம் துணி வியாபாரம் செய்தபோது, கப்பலில் ஏற்றுகிற மூட்டைகளை இந்தத் திட்டுகளிலும் இறக்கி வைத்தார்கள் என்று சொல்வார்கள். கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது, அடுத்த மழைக்காலத்துக்குள் அங்கே இருப்பதையெல்லாம் பதிவு செய்யுங்கள், எழுத்துள்ள கல் இருந்தால் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று உத்தரவு வந்தது. சார் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார். "நீ கடக்கரக்காரன்தானே, உனக்குப் படகெல்லாம் பழக்கமா இருக்கும்" என்றார். கிள்ளைக் கடைத்தெருவில் எலுமிச்சம்பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

படகுக்காரர் கலியமூர்த்தி. பக்கத்துக் குப்பத்து ஆள். நான் எந்த ஊர், யார் மகன் என்று விசாரித்து, சுற்றி வளைத்து ஒரு உறவைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் மனைவி செல்வராணிக்கு நான் அண்ணன் முறை என்று தீர்மானமாயிற்று. அதிலிருந்து அவருக்கு நான் மச்சான். படகு கழியைத் தாண்டிக் கடல் பக்கம் திரும்பியதும் நான் எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"இன்னா மச்சான், நம்ம ஜாதில பொறந்துட்டு எலுமிச்சம்பழமா?"

"வண்டிய நேராப் பாத்து ஓட்டுங்க மாப்ள" என்றேன். சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்திருப்பார்.

முதல் திட்டுக்குப் பங்களாத் திட்டு என்று பெயர். பங்களா கிடையாது. சின்னச் செங்கல்லில் கட்டிய ஒரு நீளச் சுவரும், அதில் கதவில்லாத ஒரு வாசலும் இருந்தன. அந்த வாசல் வழியாகப் பார்த்தால் நேராகக் கடல். இரண்டாவது சுண்ணாம்புத் திட்டு. கிளிஞ்சல் சுட்ட சூளையின் வட்டம் இன்னும் இருக்கிறது. அதைச் சுற்றி மண்ணைக் காலால் தள்ளினால் நீலப்பூ போட்ட பீங்கான் சில்லும், வெள்ளைக் களிமண் புகைக்குழாய்த் துண்டுகளும் வந்தன. எவனோ ஒரு வெள்ளைக்காரன் இங்கே உட்கார்ந்து புகைபிடித்துக்கொண்டே ஊரை நினைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவது நண்டுத் திட்டு. நண்டைத் தவிர அங்கே இருந்தது ஒரு கிணறு. சுற்றிலும் உப்புத் தண்ணீர், நடுவில் கிணற்றில் இளநீர் போலத் தண்ணீர். மைப்படிக்கு உப்புத் தண்ணீர் உதவாது, தாள் பிசுபிசுவென்று உலராமலே கிடக்கும். அதனால் இந்தக் கிணற்றைப் பார்த்ததும் எனக்குச் சுவரைப் பார்த்ததைவிட சந்தோஷம். கேன்களை நிரப்பிக்கொண்டேன்.

கடைசித் திட்டில்தான் கல் இருந்தது. கரையோரம் ஒரு பூவரச மரம், அதன் பாதி வேர் மண்ணை விட்டு வெளியே கடல்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மரத்தடியில் மஞ்சளும் எண்ணெயும் ஏறித் தடித்துப்போன ஒரு கல், அதற்குச் சிவப்புப் பாவாடை. கிளைகளில் கையளவு தொட்டில்கள். கிழிந்த வலையைத் துண்டாக வெட்டி முடிந்த தொட்டில்கள். குப்பத்துப் பெண்கள் பிள்ளை வேண்டி இங்கே வந்து கொட்டாங்கச்சியில் பால் வைத்துத் தொட்டில் கட்டுவார்கள். வயிற்றில் தங்கினால் மாதம் ஒருமுறை வருவார்கள், பிறந்தால் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுவார்கள். தொட்டிலம்மன் என்று பெயர்.

செல்வராணிதான் அம்மனுக்குப் பூசை செய்பவள். எங்களோடு அதே படகில் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மகள் கயல்விழி, ஆறு மாதக் கர்ப்பிணி. நர்ஸிங் படித்துவிட்டுச் சிதம்பரத்தில் ஒரு கிளினிக்கில் வேலை செய்தவள். இதற்கு முன்னால் இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போனது. இன்னொன்று பிறந்து ஒருநாள் மூச்சு விட்டது. இதையெல்லாம் செல்வராணி வரும்போதே சொல்லிவிட்டாள். மகள் காதில் விழாதது போலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கல்லு எப்பிடிம்மா இங்க வந்துச்சு?" என்று சார் கேட்டார்.

"வலைல வந்துச்சுங்க சார். எங்க மாமியாவுக்கு மாமியா காலத்துல. பெரிய பொயல் அடிச்சு ஓஞ்சுதாம். அதுக்கப்புறம் வலை இழுத்தா மீனுக்குப் பதிலா இது வந்துருக்குது. வலைக்காரருக்கு ரொம்ப வருசமாப் புள்ள இல்ல. இத இங்க நட்டு வச்ச வருசமே புள்ள பொறந்துச்சாம்."

சார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, படி எடுக்க வேண்டும், அதற்குக் கல்லைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். செல்வராணி உடனே சம்மதிக்கவில்லை. "அம்மனத் தூக்கிட்டுப் போவ மாட்டீங்களே?" என்றாள். சார் உத்தரவைப் பற்றிச் சொன்னார். மறைக்கவில்லை. "ஊரு சரின்னு சொல்லாம நான் தூக்க மாட்டேன்" என்றும் சொன்னார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, குளிப்பாட்டறது நான்தான் செய்வேன்" என்றாள்.

சோப்பும் கம்பி பிரஷ்ஷும் கல்லுக்கு ஆகாது. செல்வராணியிடம் சீயக்காய் இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் குழைத்து, வயசுப்பெண்ணுக்கு எண்ணெய்க் குளியலில் தலை தேய்ப்பது போல நிதானமாகத் தேய்த்தாள். பல வருஷத்து எண்ணெய் பிசுக்குக் கறுப்பாக வழிந்தது. வழிய வழிய எழுத்து தெரிந்தது. கல்லின் அடிப்பக்கம் மண் அரித்து வெளியே வந்திருந்தது. அங்கே இரண்டு பக்கமும் இதழ் விரிந்த மாதிரி ஒரு செதுக்கு. "தாமரைப் பீடம்" என்றேன். சாரும் ஆமாம் என்றார். குறித்துக்கொண்டோம்.

பிறகு என் வேலை. தாளைத் தண்ணீரில் நனைத்துக் கல்லின் மேல் விரித்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக் காற்றுக் குமிழியை வெளியேற்றினேன். மயிர் பிரஷ்ஷால் தட்ட ஆரம்பித்தேன். தட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. மெதுவாகத் தட்டினால் தாள் எழுத்துக்குள் இறங்காது, ஓங்கித் தட்டினால் கிழியும். கடற்காற்றில் தாளின் ஓரம் பிய்த்துக்கொண்டு எழும்பியது. கலியமூர்த்தி இரண்டு கையாலும் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஈரம் பாதி வற்றும்வரை காத்திருந்து, துணிப்பொதியில் மை தொட்டு, பலகையில் ஒருமுறை ஒற்றி அதிகப்படி மையை எடுத்துவிட்டு, தாளின்மேல் ஒற்றினேன். வெள்ளையாக எழுத்து எழும்பியது. அந்த நேரம் வந்தால் எனக்குக் கடல், வாந்தி எதுவும் நினைவில் இருக்காது.

ஆனால் ஒரு எழுத்தும் புரியவில்லை. சார் குனிந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். தமிழ் இல்லை, கிரந்தம் இல்லை. "வட்டெழுத்தா இருக்குமோ?" என்றேன். "இந்தக் கடக்கரையிலயா? அது பாண்டி நாட்டுப் பக்கத்து எழுத்தாச்சே" என்றார். ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் வெகுநேரம் மல்லுக்கட்டினோம். செல்வராணி கொண்டுவந்த புளிச்சோறு ஆறிப்போனது. 'சிதைந்துள்ளது' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

தாள் முழுசாக உலரவில்லை. படகில் பத்திரமாகக் கொண்டுவந்து, செல்வராணி வீட்டு முற்றத்தில் துணி உலர்த்தும் கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன். காற்று குறைவான பக்கமாகப் பார்த்து, கைக்கு வந்தபடி மாட்டினேன். சார் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கோவிந்து, எந்தப் பக்கம் மேல வச்ச?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அடிப்பக்கம் மேலே போயிருந்தது. தாமரை இதழ் என்று நாங்கள் குறித்தது இரண்டு சிறகு. சிறகுக்கு நடுவில் ஒரு குழந்தை முகம், கன்னம் உப்பிய தேவதை முகம். அதற்குக் கீழே வரிசையாக நின்றவை இங்கிலீஷ் எழுத்து. வலையில் வந்த கல்லை அந்தக் காலத்து ஆட்கள் தலைகீழாக நட்டுவிட்டார்கள். பின்னால் வந்த நாங்களும், தமிழ்க் கல்வெட்டே பார்த்துப் பழகிய கண்ணால், அதைத் தலைகீழாகவே படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் சார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது ஒல்லாந்து மொழி. சாவுக்கல்லு மாதிரி இருக்குது. யார்கிட்டயும் இப்ப சொல்ல வேணாம். படிக்கத் தெரிஞ்சவங்ககிட்ட அனுப்புவோம்" என்றார்.

படம் எடுத்து, அந்த மொழி தெரிந்த ஒரு பேராசிரியைக்கு அனுப்பினார். சில நாளில் பதில் வந்தது. 'இங்கே துயில்கிறாள் கதரீனா, வணிகர் பீட்டரின் அன்பு மகள், ஒரு வயது நிறையாதவள்.' அவ்வளவுதான் வாசகம். மீதிக் கல் உடைந்து போயிருந்தது.

சிதம்பரத்தில் அலுவலக வாசலில் நின்று அதை இரண்டு முறை படித்தேன். எங்கள் கரைப் பழக்கம் சாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வயிற்றில் பிள்ளை உள்ளவளைச் சுடுகாட்டுப் பக்கம் விடமாட்டார்கள். சாவுக்கு வெளியூர் போய் வந்த ஆள் குளிக்காமல் அவள் எதிரே வரக்கூடாது. என் தங்கச்சி உண்டாகியிருந்தபோது எங்கள் பெரியப்பா இறந்தார். அவளை முகம் பார்க்கக்கூட விடவில்லை. அப்படிப்பட்ட ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைத்தாய்ச்சிகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு செத்த குழந்தையின் கல்லுக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டைப் பறிகொடுத்த கயல் மூன்றாவதைச் சுமந்துகொண்டு அங்கேதான் போய் வருகிறாள்.

"பிரசவம் ஆவட்டும் சார். அதுக்கப்புறம் சொல்லலாம்" என்றேன்.

"அதுக்குள்ள மழை வந்துடும். கல்ல என்ன பண்றதுன்னு அவுங்கதான் முடிவு பண்ணணும். விஷயம் தெரியாம என்ன முடிவு பண்ணுவாங்க?"

"அந்தப் பொண்ணு பயந்து, ஏதாச்சும் ஆயிட்டா?"

அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. என்னையே பார்த்தார். "நாளைக்கு என் ரிப்போர்ட் போவும், பேப்பர்ல வரும். யாராச்சும் ஒருத்தன் செல்போன்ல காட்டுவான், 'நீங்க கும்புட்டது கல்லறைய'ன்னு சிரிப்பான். அப்ப பயப்பட மாட்டாளா? நம்ம சொன்னா பக்கத்துல உக்காந்து சொல்லுவோம் கோவிந்து. நீ சொல்லு. உன் பேச்சுலயே சொல்லு."

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் ஜாஸ்தியாக வந்தது. மறுநாள் குப்பத்துக்குப் போனோம்.

செல்வராணி வீட்டு முற்றத்தில் பெண்கள் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் உட்காரச் சொன்னேன். கயல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், பக்கத்தில் அவள் மாமியார். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது எதுவும் உதவவில்லை. தாளை விரித்தேன். கல் தலைகீழாக நின்றதைச் சொன்னேன். சிறகைக் காட்டினேன், முகத்தைக் காட்டினேன். அது ஒரு பெண்குழந்தை, பெயர் கதரீனா, ஒரு வயது முடியவில்லை, இறந்தபோது அப்பா வைத்த கல் என்று சொல்லி முடித்தேன்.

கருவாட்டில் உட்கார்ந்த காக்காயை விரட்டக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை.

முதலில் வெடித்தது கயலின் மாமியார். "அப்ப இவ்ளோ நாளும் பொணக்குழியிலயா பால் வச்சோம்? ரெண்டு போனது இதனாலதான் போச்சா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏய் செல்வராணி, எம் மருமவள இட்டுக்கினு போயி இட்டுக்கினு போயி உக்கார வச்சியே! இன்னைக்கே அந்தத் தொட்டில அறுத்துப் போடு."

"குழி அங்க இல்லம்மா. கல்லு வலைல வந்ததுதானே? குழி எங்கயோ கடலுக்குள்ள போயிருக்கும். அங்க எலும்பு கிலும்பு எதுவும் கெடையாது" என்று சார் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. கல் இருந்தால் கல்லறைதான். எனக்குமே அப்படித்தான் தோன்றியது.

செல்வராணி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை செய்த கை மடியில் கிடந்தது. "புள்ளயோட அம்மா பேரு போடலியா அண்ணே?" என்றாள்.

"இல்லம்மா. அப்பா பேரு மட்டும்தான்."

"அவுங்க அப்புறம் என்னா ஆனாங்க?"

"தெரியல. வியாபாரம் முடிஞ்சதும் கப்பல் ஏறிப் போயிருப்பாங்க."

"புள்ளய இங்கியே உட்டுட்டா?"

மாமியார் மறுபடி தொட்டிலை அறுக்கச் சொல்லி ஆரம்பித்தாள். அப்போது கயல் பேசினாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"அத்த, நம்ம ரெண்டயும் எங்க பொதச்சீங்க?"

மாமியாரின் கை தலையிலிருந்து இறங்கியது.

"சொல்லுங்க அத்த. கழிக்கரையில எங்கியோ பொதச்சிட்டு வந்து குளிச்சிட்டீங்க. எடத்தக் கேட்டா, அங்கல்லாம் போவக்கூடாது, மறந்துடுன்னு சொன்னீங்க. அடுத்த வெள்ளத்துல அதுவும் கரஞ்சிருக்கும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. செல்வராணி தண்ணீர் எடுக்க எழுந்தாள். கயல் கையைக் காட்டி உட்கார வைத்தாள். "இந்தப் புள்ளைக்கு ஒருத்தரு கல்லு வச்சிருக்காரு. அவுங்க ஊருக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் இத்தினி காலமும் நம்மதான் அதுக்குப் பால் வச்சோம், துணி கட்டுனோம், எண்ண தேச்சுக் குளிப்பாட்டுனோம். யாரோ பெத்த புள்ளயப் பாத்துக்குனவங்க புள்ளைய அது எதுக்கு எடுத்துக்கும்? எனக்குப் பயமா இல்ல. எனக்கு இப்பதான் தைரியமா இருக்குது."

நான் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடி கையில் இருந்தது. இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை இல்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மாமியார் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஊர்க்கூட்டத்தில் சிலர், சனியன் தொலையட்டும், அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடலாம் என்றார்கள். மாதா கோயிலுக்குப் போகிற இரண்டு குடும்பத்துக்காரர்கள், கல்லறைத் திருநாளன்று நாங்கள் பூ வைப்பதில்லையா, அதில் பயப்பட என்ன இருக்கிறது என்றார்கள். செல்வராணி கடைசியில் எழுந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கடலு வந்து எடுத்துக்கினு போற வரிக்கும் அந்தப் புள்ள அங்க தனியா நிக்கணுமா? நம்ம ஊட்டாண்ட கொணாந்து வச்சிக்கலாம்." அதற்கு எதிர்ப்பேச்சு வரவில்லை. மேலிடத்துக்கு சார் எழுதினார். அருங்காட்சியகத்தில் வைத்தால் அது கல், இங்கே வைத்தால் அதைக் குளிப்பாட்ட ஆள் இருக்கிறது என்று எழுதினார். அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள் சார், ஆபீஸ் பாஷையாக இல்லையே என்றேன். அடிக்கவில்லை. அனுமதி வந்தது.

மழைக்கு முன்னால் ஒரு காலையில் நாலைந்து படகில் போனோம். பழைய வலையை மடித்து, அதில் கல்லைக் கிடத்தி, மூங்கிலில் கட்டி ஆண்கள் தோளில் தூக்கினார்கள். கலியமூர்த்தி முன்னால் நின்று, "மெதுவாடா, மெதுவா, சின்னப் புள்ளடா" என்று கத்திக்கொண்டே வந்தார். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். அன்றைக்குத் திரும்பும்போது கடல் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருந்தது. நான் வாந்தி எடுத்தேன். யாரும் கிண்டல் செய்யவில்லை. கல்லைக் குப்பத்து நடுவே, பெண்கள் கூடும் குழாயடிக்குப் பக்கத்தில், சிறகு மேலே இருக்கும்படி நேராக நிறுத்தினோம். பூவரசு மழையில் கடலோடு போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கயலுக்குச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் ஆண்குழந்தை பிறந்தது. கலியமூர்த்தி போனில், "மச்சான், புள்ள கத்துற கத்துல ஆஸ்பத்திரியே ஆடுது" என்றார். மாமியார்தான் முதலில் பிள்ளையைக் கல்லிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள் என்றும் சொன்னார். போனை வைத்துவிட்டு நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கினேன். எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்றேன்.

சில மாதம் கழித்து, நான் ஓய்வு பெறும் சமயத்தில், குப்பத்துக்குப் போயிருந்தேன். கயல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கல்லுக்குப் பக்கத்தில் அம்மி அளவுக்கு ஒரு புதுக்கல்லைக் கொண்டுவந்து சாய்த்து வைத்திருந்தாள். அவள் புருஷன் விருத்தாசலம் பக்கத்திலிருந்து வாங்கி வந்தானாம்.

"மாமா, கல்லுல எழுத்து வெட்டுற ஆளு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும். எதுக்கும்மா?"

"ரெண்டு பேரு வெட்டணும். கீழ அம்மா கயல்விழின்னு போடணும்."

எனக்குப் புரிவதற்கு ஒரு நிமிஷம் ஆனது. எங்கள் கரையில் தங்காத பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வழக்கம் கிடையாது. அதைப் பற்றிப் பேசுகிற வழக்கமே கிடையாது. வாழ்நாளெல்லாம் செத்துப்போன ராஜாக்களின் பெயரைப் படி எடுத்தவன் நான். என் தங்கச்சிக்கும் ஒன்று தங்காமல் போனது, அதைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அதுங்களுக்குப் பேரு இருக்குதாம்மா?" என்றேன்.

"வச்சிருந்தேன் மாமா. வயித்துல இருக்கும்போதே ரெண்டுக்கும் வச்சிட்டேன்" என்றாள் கயல். இடுப்பில் இருந்த பிள்ளை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். "இத்தினி நாளா யாரும் கேக்கல."

கேட்டேன். சொன்னாள்.